ஆபெராமோவின் தொண்டை

ஆக்லாந்தின் மாங்கரே வட்டாரத்தில் ஒலிபெருக்கி வைக்காத ஆலயம் எங்களுடையது ஒன்றுதான். வாங்கித் தர ஆள் இல்லாமல் இல்லை. ஆபெராமோ இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டோம்.

அவன் பிறந்தது எங்கள் ஜனங்களின் தாய்நாட்டில், சவாயி தீவில், கடலை ஒட்டிய ஊரில். கைக்குழந்தையாக இருந்தபோது அவன் அழுதால் அடுத்த ஊர் நாய்கள் குரைக்குமாம். அவனுடைய அம்மா சொன்னது. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பாள், ஆனால் ரொம்பக் கூட்டியிருக்க மாட்டாள். வாலிபனாக ஆக்லாந்துக்கு விமானம் ஏறி வந்தவன், இறங்கிய அதே விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலைக்குச் சேர்ந்தான். எஞ்சின் இரைச்சலில் மற்றவர்கள் கையை ஆட்டி ஜாடை காட்டுவார்கள். இவன் வாயாலேயே சொல்லிவிடுவான். அவனுடைய மனைவி பெபே சன்னமாகப் பேசுகிறவள். அவள் சன்னமாகச் சொல்லும் ஒரு வார்த்தைக்கு அவன் போடுகிற கூச்சல் எல்லாம் சேர்ந்தாலும் ஈடாகாது என்பது எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும்.

வந்த புதிதில் பாடகர் குழுவில் சேர்ந்தான். குழுவை நடத்தியவள் சினாபதி. தௌலாங்கி என்ற பட்டம் தாங்கிய குடும்பத் தலைவரின் மனைவி, நெட்டையானவள், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவள். சில வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு, "தம்பி, நீ பாடுறப்ப மத்தவங்க வந்திருக்காங்களா இல்லையான்னே தெரியல. முற்றத்துக்குப் போ. அங்கதான் உன் வாய்க்கு வேலை இருக்கு" என்றாள். குழுவே சிரித்தது. ஆபெராமோவும் சிரித்தான். ஆலயம் அதிரச் சிரித்தான்.

முற்றத்து வேலை என்றால் கூவும் வேலை. எங்கள் ஜனங்களுக்குக் கொடுப்பது என்பது கையில் திணித்துவிட்டுப் போகிற காரியமல்ல. கல்யாணமோ சாவோ ஆலயத் திறப்போ, வந்த ஒவ்வொன்றையும் ஒருவன் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, கொடுத்த குடும்பத்தின் பட்டப்பெயரை நீட்டி முழக்கிச் சொல்ல வேண்டும். மொய் வாசிப்பது மாதிரிதான், ஆனால் மைக்கும் கிடையாது, காகிதமும் கிடையாது. உப்புக்கறி வாளி, டின் மீன் பெட்டி, மடித்த தாழம்பாய் என்று ஒவ்வொன்றாக அவன் சொல்லச் சொல்ல, கூட்டம் "மாலோ" என்று திருப்பிச் சொல்லும். நல்லது, வாழ்க, செய்தாயே என்று எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். சொல்லாமல் விட்டால் கொடுத்தவனுக்கு அவமானம். வாங்கியவனுக்கும் அவமானம்தான், திருடி ஒளித்துவைத்தது போல ஆகிவிடும். இந்த வேலையில் ஆபெராமோவை மிஞ்ச ஆள் கிடையாது. இதில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு, ஒளிக்க மாட்டேன்.

கொரோனாவின் இரண்டாம் வருஷம், குளிர்காலக் கடைசியில், ஆக்லாந்தை மறுபடி மூடினார்கள். விமானங்கள் நின்றன. ஆபெராமோ வீட்டில் உட்கார்ந்தான், பெபேயின் காதுக்குத்தான் கஷ்டகாலம். வானொலியில் போன் போட்டுப் பேசுகிறவர்கள், இந்தத் தீவுக்காரர்கள் கோயில் கோயில் என்று கூடிக் கூடித்தான் நோயைப் பரப்புகிறார்கள் என்றார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. நாங்கள் ஆலயக் கதவைப் பூட்டியது அரசாங்கம் பூட்டச் சொல்வதற்கு முன்னாலேயே. பூட்டிய கதவுக்கு வெளியே என்ன செய்தோம் என்று பார்க்க, அப்படிப் பேசினவர்களில் ஒருவரும் மாங்கரே பக்கம் வரவில்லை.

வந்திருந்தால் பார்த்திருப்பார்கள். ஆலயத்துக் கூடம் சமையலறையும் கிடங்குமாக மாறியிருந்தது. மாதர் சங்கத்தார் முகக்கவசம் போட்டு, ஆளுக்கொரு மேசையில் தள்ளித் தள்ளி நின்று சேப்பங்கிழங்கு சீவினார்கள். போதகர் எசெகியேலு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு அரிசி மூட்டை தூக்கினார். எதிர்த் தெருவில், எங்கள் பக்கத்துத் தீவுநாட்டவரான தோங்காக்காரர்களின் சபை. சாதாரண நாளில் ரக்பியை வைத்து எங்களோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள். அவர்கள் உருளைக்கிழங்கு அனுப்பினார்கள், நாங்கள் கோழி அனுப்பினோம். யார் ஆலயத்துக்கு வருகிறவர், யார் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர் என்று கூடத்தில் யாரும் கேட்கவில்லை. வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

தடுப்பூசி போடுவதும் எங்கள் பார்க்கிங்கில்தான். காரைவிட்டு இறங்க வேண்டாம், கண்ணாடியை இறக்கித் தோளை நீட்டினால் போதும். ஊசியைக் கண்டால் பயப்படுகிற பெரிய பெரிய ஆட்களை ஆபெராமோ ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். "ரக்பியில பத்துப் பேர் மேல விழுந்து எந்திரிச்சவரு, இந்தக் கொசுக்கடிக்கு அழறாரு பாருங்க" என்று ஒரு குண்டனைப் பற்றி அவன் கூவியது தெருக்கோடி வரை கேட்டது. குண்டன் சிரித்துக்கொண்டே தோளைக் கொடுத்தான். ஊசி போட்டவள் மெரிட்டா. எங்கள் சபைப் பெண், மாவட்டச் சுகாதார நர்ஸ். ஆபெராமோவைப் போல இரண்டு பேர் இருந்தால் நாட்டுக்கே ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று அவள் சொன்னதை, அவனே பல தடவை எங்களுக்கெல்லாம் சொல்லிக் காட்டினான்.

இந்த மிதப்பில்தான் அவன் சறுக்கினான்.

உணவுப் பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோகும் வேனை அவனிடம் கொடுத்திருந்தார்கள். வாசலில் பெட்டியை வைத்து, ஹாரன் அடித்து, தள்ளி வந்து நிற்க வேண்டும். வீட்டார் எடுத்துக்கொண்டதும் கையசைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு புதன்கிழமை சினாபதி வீட்டுக்குப் போனான். தௌலாங்கி முந்தின வருஷம்தான் இறந்துபோயிருந்தார். சினாபதியும், மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் மகள் லெய்துவும் மட்டும்தான் வீட்டில். இருவரும் வெளித் திண்டில் வந்து நின்றார்கள். சினாபதி தலைசீவி, காதருகே பூ வைத்திருந்தாள். சபையிலிருந்து ஆள் வருகிறதே என்று வைத்த பூ.

அந்தப் பூவைப் பார்த்ததும் ஆபெராமோவுக்குத் தெருவும் மறந்தது, ஊரடங்கும் மறந்தது. ஒரு பெரிய மனுஷி நிற்கிறாள், முன்னால் பொருள் இருக்கிறது. காலை முன்னே வைத்தான். பெட்டியைத் திறந்தான். கணவர் போய்விட்டதால் பட்டப்பெயர் சொல்ல முடியாதே என்று யோசித்து, அவள் பெயரையே நீட்டிக் கூவினான். சினாபதிக்கு, சபை கொடுக்கிறது, ஒரு மூட்டை அரிசி. சினாபதிக்கு, டின் மீன். சினாபதிக்கு, சேப்பங்கிழங்கு. கோழி. சோப்பு. தெருவில் பாதிப் பேர் எங்கள் ஜனம். வீடுகளுக்குள்ளிருந்து "மாலோ" கேட்டது. அவனுக்கு வேகம் ஏறியது. அடியில் ஒரு துண்டு விரித்திருந்தது. துண்டை எடுத்தான், அதற்குக் கீழே இருந்த கட்டையும் எடுத்தான், தலைக்கு மேலே தூக்கினான்.

"சினாபதிக்கு, சபை கொடுக்கிறது, பெரியவங்க கட்டிக்கிற டயாப்பர், ஒரு கட்டு!"

தெரு அமைதியானது. ஒருவரும் மாலோ சொல்லவில்லை.

சினாபதிக்கு முழங்கால் போய்விட்டிருந்தது. எழுந்து போவதற்குள் முடியாமல் போவதை லெய்து ரகசியமாக மெரிட்டாவிடம் சொல்லியிருந்தாள். மெரிட்டா தன் கையாலேயே அதை அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடியிருந்தாள். சினாபதி காதிலிருந்த பூவை எடுத்தாள். உள்ளே போனாள். லெய்து அவனைப் பார்த்த பார்வையைப் பற்றி அவன் பிறகு யாரிடமும் பேசியதில்லை. கதவு சாத்தப்பட்டது.

வீட்டுக்கு வந்து பெபேயிடம் சொன்னபோது, எதை எப்படிச் செய்துவிட்டோம் என்று அவனுக்கே முழுசாகப் புரிந்திருக்கவில்லை. முறைப்படிதானே சொன்னேன் என்றான். பெபே துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"நான் நாளைக்குத் தெருவுல நின்னு, ஆபெராமோவுக்கு மூலக் களிம்பு ஒரு டப்பான்னு கூவுறேன். முறைப்படிதான் கூவுவேன். சரியா?"

அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் பெட்டி அப்படியே வாசலில் கிடந்தது. மழையில் அட்டை ஊறி, கோழியை யாரோ வீட்டுப் பூனை இழுத்துப் போயிருந்தது. அடுத்த பெட்டியும் கிடந்தது. போதகர் போன் செய்தால் எடுப்பதில்லை. மாதர் சங்கத்துப் பெண்கள் வாசலில் நின்று கூப்பிட்டால் திரை அசையும், கதவு அசையாது. பிறகு லெய்துவே மெரிட்டாவை அழைத்தாள். சலவைப் பிரிவில் நோய் பரவி, அவளுக்கு வந்திருந்தது. அவளுக்குச் சளியோடு போனது. அம்மாவுக்கு அப்படியில்லை. சர்க்கரை இருக்கிற உடம்பு. பேசும்போது வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரி வேண்டாம், ஆம்புலன்ஸ் வேண்டாம், சபை ஆள் ஒருத்தரும் வாசல்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாள். ஆம்புலன்ஸ் ஒரு தடவை வந்துகூடப் போய்விட்டது. புத்தி தெளிவாக இருக்கிறவள் வேண்டாம் என்றால் தூக்கிக்கொண்டு போக அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

"இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா, அப்புறம் கூட்டிப் போறதுல அர்த்தம் இல்ல" என்று மெரிட்டா கூடத்தில் சொன்னாள். அதைச் சொல்லும்போது ஆபெராமோவை அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் அவனுக்கு வலித்தது.

அன்று அவன் போதகரிடம் போய், நான் இஃபோங்கா செய்யப்போகிறேன் என்றான்.

போதகர் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தார். இஃபோங்கா சின்னக் காரியமல்ல. கொலை செய்தவனுடைய குடும்பம், பெண்ணைக் கெடுத்தவனுடைய குடும்பம், பாதிக்கப்பட்டவர்கள் வீட்டு முன்னால் போய், தலைமேல் தாழம்பாயைப் போர்த்திக்கொண்டு மண்ணில் உட்காருவது. பாய்க்குள் இருக்கிறவன் வாய் திறக்கக்கூடாது. வீட்டார் வெளியே வந்து பாயை எடுத்தால் மன்னித்தார்கள். எடுக்காவிட்டால் உட்கார்ந்தே இருக்க வேண்டும். கத்தியோடு வந்தாலும் கழுத்தைக் கொடுக்க வேண்டும்.

"ஆபெராமோ, அது ரத்தம் சிந்தினவங்க செய்யறது. ஒரு டயாப்பர் கட்டுக்கு யாராவது இஃபோங்கா செய்வாங்களா? கேக்கிறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் ஐயா. அந்தம்மா செத்தா, அது ரத்தம்தானே?"

போதகர் மூட்டையை ஓரமாகத் தள்ளினார். கூட்டம் சேர்க்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். ஊரில் என்றால் குடும்பமே, ஊரே சேர்ந்து போய் உட்காரும். இங்கே இப்போது ஒரே வீட்டில் இருப்பவர்கள் மட்டும்தான் சேர்ந்து வெளியே வரலாம். தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று ஆபெராமோ கிளம்பினான்.

பாய் இருந்தது பெபேயிடம். அவள் அம்மாவின் கைப்பாய், பட்டு மாதிரி மெல்லிசாகப் பின்னியது, ஓரத்தில் சிவப்புச் சிறகு வைத்தது. மெத்தைக்கு அடியில் விரித்து மூத்த மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தாள். இஃபோங்காவில் கொண்டுபோன பாய் திரும்பி வராது. அது மன்னித்தவர் வீட்டுக்குப் போய்விடும். ஆபெராமோ கேட்கத் தைரியம் இல்லாமல் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"உன் வாயால கெட்டது. என் பாய் போய் தீக்கணுமா?" என்றாள் பெபே. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மெத்தையைத் தூக்கி, பாயை உருவி, தன் தோளிலேயே போட்டுக்கொண்டாள். "நட. தனியா உக்காந்தா பைத்தியம்னு நினைப்பாங்க. ரெண்டு பேரா உக்காந்தாத்தான் குடும்பம்."

விடிந்தும் விடியாத நேரத்தில் இருவரும் சினாபதி வீட்டுக் கேட்டுக்கு உள்ளே, ஈரப் புல்லில் போய் உட்கார்ந்தார்கள். முகக்கவசம் போட்டு, அதற்கு மேலே பாயைப் போர்த்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் தூறல் ஆரம்பித்தது. பாய் நனைகிறதே என்று பெபேக்கு வயிறு எரிந்தது, ஆனால் பாய்க்குள்ளே புலம்பக்கூடாது.

தெரு எழுந்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. ஒரு வீட்டுத் திரை விலகியது, பிறகு இன்னொரு வீடு. எதிர் வீட்டுத் தோங்காக்காரர் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தவர், பார்த்ததும் தொட்டியைக் கீழே விடாமல் அப்படியே நின்றார். சிரிக்க ஒருவருக்கும் வரவில்லை. ஊரடங்கு ரோந்து வந்த போலீஸ் கார் ஒன்று மெதுவாக நின்றது. ஓட்டியவன் வெள்ளைக்காரப் பையன். ஏதோ கேட்க இறங்கப் போனான். பக்கத்தில் இருந்தவர் எங்கள் ஜனம். பையனின் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. மெரிட்டா பாதுகாப்பு அங்கி போட்டுக்கொண்டு, தெருமுனையில் வேனுக்குள் காத்திருந்தாள்.

ஆபெராமோ இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அவன் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவையாக இருக்கும். உள்ளே என்ன செய்தாய் என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். ஜெபம் செய்தேன் என்றான். பெபே உடனே, பொய், முட்டி வலிக்குதுன்னு முனகினாரு என்றாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கதவு திறந்தது. லெய்து அம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்தாள். சினாபதி திண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் ஒட்டடைக் கம்பு. நோய் இருக்கிறவள் யாரையும் நெருங்கக்கூடாது என்று மெரிட்டா போனில் ஆயிரம் தடவை சொல்லியிருந்ததை அவள் மறக்கவில்லை.

பேசினாள். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு.

"நாப்பது வருஷம்... குடுத்தேன். ஒவ்வொரு தடவையும்... தௌலாங்கின்னு கூவின. அவர் பேரு. சரிதான். அவர் வீட்டுக்காரியா இருந்தேன்... அதுல எனக்குக் குறையில்ல."

பாய் அசையவில்லை.

"அவர் போயாச்சு. என் சொந்தப் பேர... நீ சத்தமா சொன்னது... அன்னிக்குத்தான் முதல் தடவ. எதோட சேத்துச் சொன்ன ஆபெராமோ?"

பாய் குலுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த பெபேக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏனென்றால் அவள் நெய்து கொடுத்த பாய்களையும், சுட்டுக் கொடுத்த பன்களையும் ஆபெராமோ இத்தனை வருஷமாக யார் பெயரில் கூவினான் என்பது அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. பெண்கள் கொடுத்ததற்கு ஆண்களின் பெயரைக் கேட்டு நாங்கள் எல்லோரும் எத்தனை முற்றங்களில் நின்று மாலோ சொல்லியிருக்கிறோம். நானும் சொன்னவன்தான்.

சினாபதி கம்பை நீட்டினாள். பாயின் ஓரத்தில் கொடுத்து நெம்பினாள். நனைந்த பாய் கனத்தது. கம்பு வழுக்கியது. லெய்து கை கொடுக்கப் போனாள். விடு என்று தலையசைத்தாள். மறுபடி நெம்பினாள். பாய் பாதி தூக்கி, மறுபடி ஆபெராமோவின் தலையிலேயே பொத்தென்று விழுந்தது. எதிர் வீட்டில் யாரோ ஒரு குழந்தை சிரித்துவிட்டது. சினாபதிக்கே உதட்டோரம் லேசாக வளைந்தது. மூச்சைச் சேர்த்துக்கொண்டு மூன்றாவது தடவை கம்பைக் கொடுத்தாள். பாய் சரிந்து புல்லில் விழுந்தது. இரண்டு நரைத்த தலைகள் மழையில் வெளியே தெரிந்தன.

"எந்திரி" என்றாள். "பெபே, நீயும் எந்திரிம்மா. ஒன் பாய நனைச்சிட்டானே."

மெரிட்டா ஓடி வந்து அவள் விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினாள். எண்ணைப் பார்த்த அவள் முகத்தில் ஈயாடவில்லை. இப்போதே போக வேண்டும் என்றாள். போனில் ஏற்கெனவே ஆம்புலன்ஸ் சொல்லியாயிற்று. சினாபதி திண்டுப் படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடி ஆபெராமோவைப் பார்த்தாள்.

"போறேன். ஆனா திருட்டுத்தனமா போறவ மாதிரி... வாய மூடிட்டுப் போமாட்டேன். தெருவே பாக்குது. சொல்லு."

"என்ன சொல்றது அம்மா?"

"ஒனக்கா தெரியாது?"

சினாபதி பிழைத்து வந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கவலையோடு நீங்கள் மீதியைக் கேட்க வேண்டாம். ஆனால் அன்று காலை அந்தத் தெருவில் நின்ற ஒருவருக்கும் அது தெரியாது. ஆபெராமோவுக்கும் தெரியாது. இதுதான் கடைசியாக இருந்தால், இதை ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அங்கி போட்ட இரண்டு பெண்கள் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். ஆபெராமோ நடுத்தெருவுக்குப் போனான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. காலை முன்னே வைத்தான். தூக்கிக் காட்டக் கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கையையே தூக்கினான். பழக்கதோஷத்தில் நாக்கு "தௌ" என்று தொடங்கிவிட்டது. கேட்டருகே நின்ற பெபே, "யோவ்" என்றாள், சன்னமாகத்தான். அது போதுமாயிருந்தது.

"சினாபதி!" என்றான்.

அந்தப் பெயர் தெருக்கோடிவரை போய்த் திரும்பியது. வீடுகளிலிருந்து ஆட்கள் கேட்டுக்கு வந்தார்கள்.

"கேளுங்க! இந்த வீட்டுக்குச் சபை குடுத்தத நான் சொன்னேன். சபைக்கு இந்த வீடு குடுத்தத இப்ப சொல்றேன். சினாபதி குடுத்தது, நம்ம பாடகர் குழு!"

ஒரு வீட்டிலிருந்து "மாலோ" வந்தது. அடுத்த வீட்டிலிருந்தும் வந்தது.

"சினாபதி குடுத்தது, நம்ம பிள்ளைங்களுக்கு நம்ம மொழி! ஞாயித்துக்கிழமை தவறாம, இங்கிலீஷ்ல பதில் சொன்னா காதத் திருகித் திருகிக் குடுத்தது!"

இப்போது சிரிப்பும் மாலோவும் சேர்ந்து வந்தது. அவளிடம் காதுத் திருகு வாங்கினவர்கள் அந்தத் தெருவில் வளர்ந்து பிள்ளை பெற்று நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் தன் காதையே தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகும் ஆபெராமோ நிறுத்தவில்லை. சினாபதி குடுத்தது, பலிபீடத்து வெள்ளைத் திரை. சினாபதி குடுத்தது, புதுசாக ஊரிலிருந்து வந்திறங்கின குடும்பங்களுக்குத் தன் வீட்டு முன்னறை, ஒவ்வொரு குடும்பமும் வேறு வீடு பார்க்கிற வரைக்கும். அப்படி வந்து தங்கினவர்களில் தானும் ஒருவன் என்று சொல்ல வந்தபோது அவனுடைய தொண்டை அடைத்துவிட்டது. அந்தத் தொண்டை அடைத்து நாங்கள் பார்த்ததே இல்லை. அவன் நிறுத்திய இடத்தில் தெருவே மாலோ சொன்னது. எதிர்ச் சபைத் தோங்காக்காரர்கள் அவர்கள் மொழியில், அதே சொல்லை, எங்களைவிடப் பலமாகச் சொன்னார்கள். ரக்பிக்காரர்கள், வேறென்ன.

ஆம்புலன்ஸ் பெண்களில் ஒருத்தி, என்ன நடக்கிறது என்று லெய்துவிடம் கேட்டாள். "எங்கம்மா யாருன்னு சொல்லிட்டிருக்காங்க" என்றாள் லெய்து.

ஸ்ட்ரெச்சர் பாதி உள்ளே போயிருந்தபோது சினாபதி கையைத் தூக்கினாள். அவர்கள் நின்றார்கள். மூச்சுக் கவசத்தை விரலால் விலக்கி என்னவோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. மெரிட்டா குனிந்து காதைக் கொடுத்தாள். நிமிர்ந்து, நடுத்தெருவில் நின்றவனைப் பார்த்தாள்.

"கூரைய விட்டுட்டீங்களாம்."

புயலில் ஆலயக் கூரை பிய்ந்துபோன வருஷம், சினாபதி சனிக்கிழமை தோறும் தேங்காய்ப்பால் பன் சுட்டு, பிளாஸ்டிக் வாளியில் அடுக்கி, சந்தை வாசலில் நின்று விற்றுத்தான் அந்தத் தகரம் வந்தது. கூரை போட்டு முடித்த அன்று ஆபெராமோ முற்றத்தில் நின்று தௌலாங்கி என்று கூவினான். தௌலாங்கி எழுந்து தலையாட்டினார். சினாபதி பாடகர் குழுவோடு பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆபெராமோ கண்ணைத் துடைத்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே, கனமான ஒன்றைத் தாங்குவது போலத் தூக்கினான்.

"சினாபதி குடுத்தது, நம்ம ஆலயத்துக் கூரை!"

மாலோ அடங்குகிறவரைக்கும் அவள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள்.